ஒன்பது வீட்டுத் துடிப்பு

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து டிஸ்பென்சரியில் யாருக்கும் மருந்து கிடையாது. அன்றைக்கு ஒன்பது பெண்கள் வருவார்கள். தலைக்குக் குளித்து, நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். கம்பவுண்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிடுவார். காணாமல்போன கணவனின் இதயம் துடிப்பதை ஒரு நிமிடம் கேட்கலாம். அப்புறம் எழுந்து அடுத்தவளுக்கு இடம்விட வேண்டும்.

செம்மலர் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திண்டுக்கல்காரி. சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம். ஜெனீவாவில் ஒரு மனித உரிமை மையம் வருஷாவருஷம் சட்ட மாணவர்களைப் பொறுக்கியெடுத்து, ஃபெலோஷிப் கொடுத்து, இரண்டிரண்டு பேராக உலகின் மூலைகளுக்கு அனுப்பும். அப்படித்தான் இந்த மரோவாத் தீவுக்கு அவள் வந்தாள். கரும்பு வெட்டக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார்கள். வீட்டுக்குள் இன்னும் தமிழ்தான். அந்தத் தமிழுக்காகத்தான் தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது செம்மலருக்குத் தெரியும்.

பிலோமினா வெளியே வந்தாள். செம்மலருக்கும் கூட வந்த இன்னொரு மாணவிக்கும் வீட்டில் ஓர் அறை கொடுத்துச் சமைத்தும் போடுகிறவள் அவள்தான். முகமெல்லாம் பூரித்திருந்தது.

"இன்னிக்குக் கொஞ்சம் வேகமா அடிச்சுது. எங்கயோ மேடு ஏறியிருப்பார் போல," என்றாள். "போன மாசம் பூனை மாதிரி அமைதியா இருந்துச்சு. தூங்கியிருப்பார்."

அடுத்து உட்கார்ந்தவள் தெய்வானை. நாற்பது வயது இருக்கும். ஒரு நிமிடம் முடியுமுன்பே ஹெட்போனைக் கழற்றி, கம்பவுண்டர் கையில் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்துபோனாள்.

செம்மலர் தீவுக்கு வந்த அன்றே பிலோமினா தன் காதுக்குப் பின்னால் விரலை வைத்துக் காட்டியிருந்தாள். "இந்த எடத்துல அரிசி மணி அளவுல ஒரு சில்லு வச்சுத் தைச்சிருவாங்க. வேலைக்குச் சேர்ந்தா எல்லாருக்கும் உண்டு. எந்த வரிசைக்குப் போகணும், என்ன பண்ணணும்னு அதுலதான் சொல்லும். நாம பேசுறதும் அதுல ஏறிக்கும். நெஞ்சு அடிக்கிறதும் ஏறிக்கும். நெஞ்சு அடிக்கிறது மட்டும் அப்பப்பவே கம்பெனிக்கும் கேக்கும், வெயில்ல யாராச்சும் விழுந்தா கண்டுபிடிக்கவாம்."

"அந்தப் பதிவெல்லாம் எங்கே இருக்குக்கா?"

"கம்பெனிகிட்ட இல்ல. வெளிநாட்டுல எங்கயோ பூட்டி வச்சிருக்காங்களாம். அவங்கவங்க உசிரோட இருக்கறவரைக்கும் அவங்கவங்க சொத்து. யாரும் தொறக்கக்கூடாது, அழிக்கக்கூடாது."

ஏழு வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், தோட்டத்து மருந்துத் தெளிப்பால் குழந்தைகள் செத்தே பிறப்பதாகப் புகார் கொடுக்கக் கிளம்பிய ஒன்பது பேர் வீடு திரும்பவில்லை. ஒப்பந்தத்தை மீறிப் படகேறி ஓடிவிட்டார்கள் என்றது கம்பெனி. சந்தேகப்பட்டவர்களிடம், இதோ, அவர்கள் சில்லிலிருந்து துடிப்பு வந்துகொண்டுதானே இருக்கிறது என்றது. உயிரோடிருப்பவனின் பதிவை எந்த நீதிமன்றமும் திறக்க முடியாது. செத்துவிட்டான் என்று மனைவி தன் வாயால் சொன்னால் மட்டுமே திறக்கலாம். மாதாமாதம் கணவனின் துடிப்பைக் கேட்கிறவள் எப்படிச் சொல்வாள்? ஏழு வருடமாக ஒருத்தியும் சொல்லவில்லை.

*

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம். நைரோபியிலிருந்து வந்திருந்த வன்ஜிரு மடிக்கணினியைத் திருப்பி செம்மலரிடம் காட்டினாள். அவளும் சட்ட மாணவிதான். அதற்கு முன் கணினி படித்தவள். அவள் பெயர் வாயில் நுழையாத பெண்கள் அவளை வஞ்சிம்மா என்று கூப்பிட்டார்கள். அவர்கள் சம்மதத்தோடு ஒன்பது துடிப்பையும் அந்த ஞாயிறன்றே அவள் பதிவு செய்து வைத்திருந்தாள்.

"ஒன்பது கோடு தெரிகிறதா?" என்றாள் ஆங்கிலத்தில். "இதை இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளுகிறேன். இதை அந்தப் பக்கம். இப்போது பார்."

ஒன்பது கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாயின.

செம்மலர் திரையை நோக்கிக் குனிந்தாள். "பொய்யாகச் செய்ததா?"

"இல்லை. அதுதான் விஷயம். இயந்திரத்தில் செய்த துடிப்பு என்றால் நிபுணர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இது நிஜமான இதயம். போன மாதம் வேறு மாதிரி, இந்த மாதம் வேறு மாதிரி. யாரோ ஒருவன் உயிரோடு இருக்கிறான். அவனுடைய துடிப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒன்பது வீட்டுக்கும் கொடுக்கிறார்கள்."

"அந்த ஒன்பது பேரில் ஒருவனா?"

"அப்படித்தான் இருக்க வேண்டும். துடிப்போடு வரும் சில்லின் அடையாள முத்திரை அந்த ஒன்பது பேரின் தொகுதியைச் சேர்ந்தது. அதில் எந்தச் சில் என்பதைத்தான் மறைத்துவிட்டார்கள்."

ஜெனீவா மையத்தில் இவர்களை வழிநடத்தும் பேராசிரியர் ஹெல்காவை அழைத்தார்கள். அவர் அதிர்ச்சியடைந்ததாகத் தெரியவில்லை. இந்தப் பெண்களுக்காக மையம் தொடுக்கவிருந்த வழக்கைச் சர்வதேசத் தீர்ப்பாயத்தில் சேர்க்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இது வலுவான சந்தேகம்தானே தவிர, சான்று அல்ல என்றார். "ஒரு பதிவு திறந்தால் போதும். ஒன்பது பேரும் ஒன்றாக இருந்தார்கள். ஒருவர் காதில் விழுந்தது எல்லாருக்கும் சாட்சி. ஒரே ஒரு பெண்ணிடம் பேசுங்கள். மற்றவர்களுக்கு இப்போது எதுவும் தெரிய வேண்டாம்."

"அந்த ஒரு பெண்ணிடம் எதைச் சொல்வது?" என்று கேட்டாள் செம்மலர்.

"துடிப்பு அவள் கணவனுடையது அல்ல என்று சொல்லுங்கள்."

"அவனுடையதாகவே இருந்துவிட்டால்? உயிரோடு இருப்பவனையே செத்தவன் என்று சொல்லவைத்துவிட்டால்? அதற்கப்புறம் சட்டப்படி அவன் இல்லாதவன். அவனை என்ன செய்தாலும் கேட்க ஆள் இருக்காது."

"ஒன்பதில் எட்டு வாய்ப்பு நம் பக்கம்," என்றார் பேராசிரியர்.

அழைப்பு முடிந்தது. சுவருக்கு அப்பால் பிலோமினா தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அடுத்த மாதம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இன்னிக்கு மேடு ஏறினார், இன்னிக்குத் தூங்கினார் என்று அவள் சொல்லும்போது தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று செம்மலர் யோசித்தாள்.

"எல்லாரிடமும் சொல்லப் போகிறேன்," என்றாள்.

"சொன்னால் ஒருத்தியும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டாள். ஒவ்வொருத்தியும் என் புருஷன்தான் அந்த ஒருத்தன் என்பாள். வழக்கே போய்விடும்."

"போகட்டும். கம்பெனி அவர்களிடம் மறைத்தது. நாமும் மறைத்தால் நமக்கும் கம்பெனிக்கும் என்ன வித்தியாசம்?"

வன்ஜிரு மடிக்கணினியை மூடினாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் கூட்டத்துக்குக் கூடவே வந்தாள்.

*

பிள்ளைக் காப்பகத்தில் கூடினார்கள். தொட்டில்களை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். வாசலுக்கு எதிரே கம்பெனி ஜீப் ஒன்று வந்து நின்றது. அதற்குள் கம்பெனியின் காவல் அதிகாரி லாவால் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

செம்மலர் சுற்றிவளைக்கவில்லை. துடிப்பு ஒன்றுதான், ஒன்பது அல்ல என்றாள். ஒருவர் உயிரோடிருக்கலாம், அது யாரென்று தெரியாது என்றாள். ஒருத்தி முன்வந்தால் உண்மை வெளிவரும். அவள் கணவரே அந்த ஒருவராக இருந்தால் அவருக்கு ஆபத்து என்பதையும் சொன்னாள்.

முதலில் பிலோமினாதான் பேசினாள்.

"அப்ப அது என் வீட்டுக்காரர்தான். மேடு ஏறுறது, தூங்குறது எல்லாம் எனக்குத் தெரியுதே. எங்க சூசைமாணிக்கம்தான்."

"ஏன், எம் புருஷனா இருக்கக்கூடாதா?" என்றாள் இன்னொருத்தி.

"நான் அப்படிச் சொல்லலயே."

"அதைத்தானே சொன்னே."

ஏழு வருடம் ஒரே வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் புதிதாகப் பார்த்தார்கள். ஒருத்தியின் கணவன் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் மற்ற எட்டுப் பேர் கணவன்மாரும் செத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு எல்லார் கண்ணிலும் தெரிந்தது. குரல்கள் உயர்ந்தன. ஒருத்தி அழுதுகொண்டே எழுந்து போனாள். ஓர் இளம்பெண் செம்மலர் முன் வந்து நின்று, "எதுக்குச் சொன்னே? எங்களுக்கு இருந்தது மாசத்துக்கு ஒரு நிமிசம். அதையும் புடுங்கிட்டுப் போறதுக்கா அவ்வளவு தூரத்திலேருந்து வந்தே?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனாள்.

எல்லாரும் போன பிறகும் தெய்வானை மட்டும் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வக்கீலம்மா," என்றாள்.

"இன்னும் வக்கீல் ஆகலக்கா. படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நான் சொல்றேன். அந்த வார்த்தைய."

செம்மலர் அவள் அருகில் போய் உட்கார்ந்தாள். "நல்லா யோசிச்சீங்களாக்கா? உங்க வீட்டுக்காரரே அந்த ஒருத்தரா இருந்துட்டா…"

"அவர் இல்ல." தெய்வானை கயிற்றை விட்டாள். "அவருக்குச் சின்ன வயசுலேருந்தே நெஞ்சு நாலஞ்சு அடிச்சா ஒரு அடி நின்னுட்டுத்தான் அடுத்தது அடிக்கும். கல்யாணமான புதுசுல காதை வச்சுப் படுத்திருக்கிறப்ப அந்த நின்ன அடிக்காகப் பயந்துக்கிட்டே காத்துக்கிட்டு இருப்பேன். டிஸ்பென்சரியில மொத மாசம் கேட்டேன். விடாம அடிச்சுது. ஒரு அடி கூடத் தவறல. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"ஏழு வருசமா தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா மாசாமாசம் போனீங்க?"

"நான் மட்டும் போகலேன்னா மத்தவளுங்க ஏன்னு கேப்பாங்கல்ல? பிலோமி எம் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவா." கயிற்றை மறுபடி பிடித்துக்கொண்டாள். "அதுவும் இல்லாம, சில மாசம் எனக்கே சந்தேகம் வரும். வைத்தியம் பாத்துச் சரியாயிருக்குமோன்னு. சந்தேகம் வந்தா நல்லாயிருக்கும்."

*

வியாழன் காலை லாவால் வீட்டுக்கே வந்தார். விசா ரத்தாகிவிட்டதாகவும் மாலைப் படகில் இரு பெண்களும் தீவைவிட்டுப் போக வேண்டும் என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். பிலோமினா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் நடந்த நாளிலிருந்து அவள் செம்மலரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றை மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

மதியம் காப்பகத்தின் பின்னறையில் வன்ஜிரு செயற்கைக்கோள் போனை மடிக்கணினியோடு இணைத்தாள். திரையில் தீர்ப்பாயத்தின் பதிவாளர், நரைத்த தலையுடன் ஓர் ஆள், வந்தார். அவர் கேள்வியைச் செம்மலர் தமிழில் சொல்ல வேண்டும்; தெய்வானையின் பதிலை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

பெயர், ஊர், கல்யாணமான வருடம் எல்லாம் ஆயிற்று. பதிவாளர் கேட்டார்: "உங்கள் கணவர் வேலாயுதத்தின் நிலை என்ன?"

"இல்ல," என்றாள் தெய்வானை.

செம்மலர் மொழிபெயர்த்தாள். பதிவாளர் தலையசைத்தார். "இல்லை என்றால் இங்கே இல்லை என்றும் பொருள் கொள்ளலாம். அவர் சொல்ல வேண்டிய சொல் அது அல்ல. மன்னிக்கவும்."

"அக்கா, அது போதாதாம்."

"போய்ச் சேந்துட்டார்."

அதற்கும் பதிவாளர் மறுப்பாகத் தலையசைத்தார். யாரோ காப்பகத்தின் முன்கதவைத் தட்டினார்கள். வன்ஜிரு எழுந்துபோய் அறைக்கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். திரையில் பதிவாளரின் முகம் ஒருமுறை உறைந்து, மறுபடி அசைந்தது.

செம்மலர் தெய்வானையின் கையைப் பிடித்தாள். சட்டக் கல்லூரியில் சாட்சியை எப்படி விசாரிப்பது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு பெண்ணின் வாயிலிருந்து இந்தச் சொல்லை எப்படி வரவழைப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

"செத்துட்டார்னு சொல்லணும்க்கா. வேற வழியில்ல."

தெய்வானை அவளை வெறித்துப் பார்த்தாள். அந்தச் சொல்லை முதலில் உச்சரித்தது செம்மலர்தான். அப்புறம் திரையைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, தானே வேறு யாருக்கோ மொழிபெயர்ப்பதுபோல் சொன்னாள்: "என் வீட்டுக்காரர் வேலாயுதம் செத்துட்டார்."

பதிவாளர் குறித்துக்கொண்டு தலையாட்டினார், இணைப்பு அணைந்தது. கதவு பலமாகத் தட்டப்பட்டது. வன்ஜிரு திறந்தபோது லாவால் உள்ளே பார்த்தார். அணைந்த திரையைப் பார்த்தார். "படகுக்கு நேரமாகிறது," என்றார்.

*

பதிவு திறந்ததாகச் செய்தி வந்தபோது அவர்கள் படகுத்துறையில் இருந்தார்கள். தெய்வானையும் கூட வந்திருந்தாள். போலீஸ்காரர்கள் தள்ளி நின்றார்கள். பேராசிரியர் அனுப்பிய கோப்பு வன்ஜிருவின் கணினியில் இறங்கியது. பேச்செல்லாம் தமிழில், நாளைக்குள் செம்மலர் மொழிபெயர்த்துத் தர வேண்டும்.

வன்ஜிரு முதலில் துடிப்பின் கோட்டைத்தான் பார்த்தாள். நாலைந்து அடிக்கு ஒருமுறை ஓர் இடைவெளி. செம்மலரிடம் அதைத் தொட்டுக் காட்டினாள். தெய்வானை பார்த்தாள், கேள்வி கேட்கவில்லை.

செம்மலர் இயர்போனை மாட்டிக்கொண்டாள். லாரி இரைச்சல். மழை. ஆண்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். லாரி நிற்கிறது. யாரோ கொச்சைத் தமிழில் கேட்கிறார்கள், எல்லாரும் இவ்வளவுதானா என்று. ஒரு குரல் பதில் சொல்கிறது: "எட்டுப் பேரும் இங்கதான் இருக்காங்க சார். வேற யாருக்கும் எதுவும் தெரியாது. நான் எறங்கலாமா?" பலகை திறக்கும் சத்தம். காலடிகள் தள்ளிப்போகின்றன. மிக அருகில், சில்லைத் தாங்கியிருந்த வேலாயுதத்தின் குரல், கோபமே இல்லாமல் கேட்கிறது: "சூசை, நீயாடா?"

அதற்கப்புறம் வந்ததையும் அவள் முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்து இயர்போனைக் கழற்றினாள்.

"யாருது அந்த நெஞ்சு?" என்றாள் தெய்வானை.

செம்மலர் சொன்னாள். யார் என்பதையும், எப்படிப் பிழைத்தான் என்பதையும், வன்ஜிருவுக்காக ஆங்கிலத்திலும். வேலாயுதம் கடைசியாகக் கேட்டதையும் சொன்னாள். தெய்வானை கடலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள். அவள் முகம் அவ்வளவாக மாறவில்லை. சேலைத் தலைப்பை மட்டும் இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் பிலோமினா வேகவேகமாக வந்துகொண்டிருந்தாள். கையில் வாழையிலைப் பொட்டலம். கோபத்தில் இருந்தாலும் பட்டினியாக அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

"வழியில சாப்பிடுங்க," என்று பொட்டலத்தைச் செம்மலரிடம் நீட்டியவள், மூன்று பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "என்ன? தெரிஞ்சுருச்சா?"

செம்மலர் வாயெடுக்குமுன் தெய்வானை முந்திக்கொண்டாள். "உன் வீட்டுக்காரர் உசிரோட இருக்கார் பிலோமி."

பிலோமினா துறையின் சிமெண்டுப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தெய்வானையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். திடீரென்று நினைவு வந்தவளாகத் தலையைத் தூக்கி, "அப்ப உன் வீட்டுக்காரர்?" என்றாள்.

தெய்வானை அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"ஐயோ தெய்வான. நான் பாவி. சந்தோசப்படுறேன் பாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எப்படித் தப்பிச்சாராம்? எங்க வச்சிருக்காங்களாம்?"

"அதெல்லாம் இன்னும் தெரியல. தெரிஞ்சா இந்தப் புள்ளைங்க சொல்வாங்க."

படகு ஊதியது. லாவால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வன்ஜிரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செம்மலரின் முழங்கையைத் தொட்டாள். தமிழ் தெரியாவிட்டாலும் என்ன நடக்கிறதென்று அவளுக்குப் புரிந்திருந்தது. "விசாரணையில் எப்படியும் வெளியே வரும்," என்றாள் மெதுவாக. "நாம்தான் சொல்ல வேண்டும் என்றில்லை."

பிலோமினா எழுந்து வந்து செம்மலரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உன்மேல கோவப்பட்டேன், மனசுல வச்சுக்காதே. கம்பெனிக்காரன் மறைச்சான், எல்லாரும் மறைச்சாங்க. நீ ஒருத்திதான் எங்ககிட்ட எதையும் மறைக்கல. இனியும் அவரப் பத்தி என்ன தெரிஞ்சாலும் எங்கிட்ட மறைக்க மாட்டேல்ல?"

அவளுக்குப் பின்னால் தெய்வானை நின்றிருந்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். லேசாகத்தான் அசைத்தாள்.

படகில் ஏறிவிட்டால் போதும். நாளை ஜெனீவா, அடுத்த மாதம் திண்டுக்கல், அப்புறம் வேறு யாராவது, எப்போதாவது, ஏதாவதொரு செய்தியில். செம்மலர் பிலோமினாவின் முகத்தைப் பார்த்தாள். ஏழு வருடத்தில் முதல்முறையாகக் கவலையில்லாமல் இருக்கும் முகம்.

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"மறைக்க மாட்டேன்க்கா. கொஞ்சம் உக்காருங்க."

பிலோமினா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். செம்மலர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெய்வானை ஒரு நொடி தயங்கி நின்றாள். பிறகு வந்து, பிலோமினாவின் இன்னொரு பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.